ருவைஸுக்கு ஒரு பத்திரம்

வெளிநாடு போகிறவர்கள் ஊறுகாய் எடுத்துப்போவார்கள், முறுக்கு எடுத்துப்போவார்கள். நான் முத்திரைத்தாள் எடுத்துப்போனேன். இருபது ரூபாய்த் தாள் ஒன்று, அதன் பின்னால் நாலு வெள்ளைத் தாள், எல்லாம் அச்சடித்துத் தயார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "மடங்காமப் பாத்துக்கங்க சார்" என்று எங்கள் கல்லூரித் தாளாளர் மூன்று முறை சொன்னார். என் உடம்பைப் பற்றியும் ஒரு முறை கேட்டிருக்கலாம். எனக்குச் சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரியும்.

நாகர்கோவில் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநர். பத்தொன்பது வருடமாக அதே மைதானம், அதே விசில். அபுதாபியில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர்கள் வருடாவருடம் ஒரு வாலிபால் போட்டி நடத்துகிறார்கள். இந்தத் தடவை சிறப்பு விருந்தினராக என்னைக் கூப்பிட்டார்கள், டிக்கெட் அவர்கள் செலவு. அது காதில் விழுந்ததுமே தாளாளர் என்னை அறைக்குள் அழைத்தார். "அப்படியே ருவைஸ் வரைக்கும் போய் ஜெனிபா அப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. பக்கத்துலதான்" என்றார்.

ஜெனிபா எங்களிடம் முதலாண்டு பி.காம். படிக்கிறாள். குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். வயது பதினேழரை, உயரம் ஐந்தடி பதினொன்று, இடது கைக்காரி. ஒரு கோயில் திருவிழாப் போட்டியில் அவள் அடித்த அடியைப் பார்த்துவிட்டு, அவள் வீட்டுக்கு நாலு தடவை நடந்து, ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலுக்கும் காசு கிடையாது என்று சொல்லி எங்கள் கல்லூரிக்குக் கூட்டிவந்தவன் நான்தான். இப்போது பெண்கள் வாலிபாலுக்குப் புதிதாக ஒரு லீக் வருகிறது. ஒரு அணி அவளைக் கேட்டிருக்கிறது. கல்லூரி தடையில்லாச் சான்று கொடுத்தால்தான் பெயரைச் சேர்ப்பார்கள், அதற்கு ஒரு வாரம்தான் இருந்தது.

தாளாளருக்கு இதில் ஒரு யோசனை வந்துவிட்டது. விளையாட்டுப் பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பதிவு செய்திருக்கிறார். பனியனில் முறுக்குக் கம்பி விளம்பரம் ஏறியிருக்கிறது, மைதானத்தில் கேமரா வந்திருக்கிறது. இனி ஆட்டக்காரர்கள் எல்லோரும் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். ஜெனிபாவுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அவள் அம்மாவிடம் கேட்டதற்கு, "அவிய பாக்காம நான் ஒண்ணுலயும் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பத்திரம் வராமல் சான்று கிடையாது. சான்று இல்லாமல் லீக் கிடையாது. ஆகவே நான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் போட்டி. ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஏ.சி. போட்ட மைதானத்தில் வாலிபால் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை. வியர்வை வாடை இல்லாத ஆட்டத்தை ஆட்டம் என்று மனம் ஒப்பவில்லை. என்னிடம் படித்தபோது எலும்பும் தோலுமாக இருந்த பையன்கள் எல்லோருக்கும் தொப்பை விழுந்திருந்தது. பந்தை எடுக்கக் குனிந்தவன் நிமிர நேரமானது. எனக்குப் பொன்னாடை போர்த்தி, "எங்களை உருவாக்கிய சிற்பி" என்றார்கள். சிற்பி வாயை மூடிக்கொண்டு அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டான்.

மறுநாள் மதியம் ஒருவன் வீட்டில் விருந்து. அவன் பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் அணித் தலைவன், இப்போது ஏதோ குழாய்க் கம்பெனியில் மேனேஜர். அவனுடைய பிள்ளைகள் என்னிடம் இங்கிலீஷில் வணக்கம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டன. பேச்சு கல்லூரி விளையாட்டுப் பக்கம் திரும்பியது.

"அமெரிக்காவுல பாருங்க சார்" என்றான். "இத்தனை வருஷமா காலேஜ் பசங்க விளையாட, காலேஜுங்க சம்பாதிச்சுது. பசங்க கோர்ட்டுக்குப் போனாங்க. இப்ப காலேஜே பசங்களுக்குக் காசு குடுக்கலாம்னு ஆயிருச்சு. அவன் மூஞ்சிய விளம்பரத்துல போட்டா அவனுக்குத்தான் காசு. பிடிக்கலைன்னா வேற காலேஜுக்கு மாறிக்கலாம். நம்ம காலேஜும் அந்த மாதிரி புரொஃபஷனலா மாறணும் சார். நான் தாளாளர்கிட்டயே சொன்னேன்."

நீதானா அது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். தாளாளர் இந்தக் கதையில் 'புரொஃபஷனல்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். அங்கே விளையாடுகிறவனுக்குக் கொடு என்று கோர்ட் சொன்னது, இங்கே விளையாடுகிறவளிடம் எழுதி வாங்கு என்று ஆகிவிட்டது. இதை அவனிடம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் மனைவி இரண்டாம் தடவையாக மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள், எனக்கு டிக்கெட் போட்டவர்களில் அவனும் ஒருவன்.

மூன்றாம் நாள் காலை ருவைஸுக்குக் கிளம்பினேன். தாளாளரின் 'பக்கத்துலதான்' நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம். இரண்டு பக்கமும் மணல், நடுவே ரோடு, அவ்வளவுதான் காட்சி. கண் அசந்துவிட்டேன். "யல்லா யல்லா" என்று டிரைவர் யாரையோ இறங்கச் சொன்னது எனக்குத்தான் என்று நினைத்து, உறையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தொழுகைக் கூடம், வேறொன்றும் இல்லை. காலை பத்து மணி வெயில் மண்டையைப் பிளந்தது.

பெஷாவர்காரர் ஒருவர் தண்ணீர் லாரியில் ஏற்றிக்கொண்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேசிக்கொண்டோம். என்ன வேலை என்று கேட்டார். பிள்ளைகளுக்கு விளையாடச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். "அதற்குச் சம்பளம் தருகிறார்களா?" என்று கேட்டு ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தனக்கு நாலு பையன்கள் என்றும், நாலு பேரும் ஓசியிலேயே விளையாடுகிறார்கள் என்றும் சொன்னார். காசு வாங்க மறுத்து, ருவைஸில் தொழிலாளர் கேம்ப் வாசலிலேயே இறக்கிவிட்டார். இந்தப் பயணத்தில் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்காத ஒரே மனிதர் அவர்தான்.

ஜெனிபாவின் அப்பா சகாயம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கறுத்து, ஒல்லியாக, மகளைப்போலவே நெட்டையாக. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய் பொருத்துகிற காண்ட்ராக்ட் வேலை, அன்றைக்கு அவருக்கு லீவு. "வாருங்க சார். என்ன இப்பிடி வேர்த்து ஒழுகுது" என்று என் பையை வாங்கிக்கொண்டார். உறையை நான் கொடுக்கவில்லை.

வாசல் காவலாளி என் பாஸ்போர்ட்டைக் கேட்டான். பார்த்துவிட்டுத் தருவான் என்று நீட்டினேன். மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, கழுத்தில் மாட்ட ஒரு அட்டையைக் கொடுத்தான். எனக்குச் சுரீர் என்றது. "அதெப்படிங்க என் பாஸ்போர்ட்டை இவன் வச்சுக்கலாம்? சட்டம் இருக்கா?" என்று சத்தம் போட்டேன். சகாயம் என் தோளைத் தொட்டார். "போம்போ தருவான் சார். உங்களுக்கு ஒரு மணி நேரம். எங்களுக்கு ரெண்டு வருசம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

அறையில் ஆறு கட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. அன்று இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் சகாயம், இன்னொருவர் முதுகுளத்தூர் பக்கத்துக் கருப்பையா, வெல்டிங் ஹெல்பர். சகாயம் எனக்காக மத்தி பொரித்து வைத்திருந்தார். "கடலு இன்னா பத்து நிமிசம் சார். ஆனா மீனு வாறது பாக்கெட்டுல" என்றார். கடலுக்கும் கேம்ப்புக்கும் நடுவில் வேலி. பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவர், ஐஸ் கட்டிய மீனைத் தண்ணீரில் போட்டு இளக்கிப் பொரித்திருக்கிறார். ருசியில் ஒன்றும் குறையில்லை. சோறும் குழம்பும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வந்த காரியத்தை நினைத்தால் இறங்கியிருக்காது, ஆகையால் நினைக்கவில்லை.

கை கழுவிவிட்டு உறையைப் பிரித்தேன். எங்கெங்கே கையெழுத்து என்று தாளாளரே பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருந்தார். சகாயம் பேனாவை வாங்கவில்லை.

"சார் ஒண்ணும் நெனக்கப்பிடாது. இந்த ரூம்ல ஒரு வழக்கம் உண்டு. யாரு எதுல ஒப்பு போட்டாலும், சத்தமா வாசிச்சுக் கேட்ட பெறகாக்கும் போடுவோம். முன்னால சவுதியில, ஜுபைல்ல, வாசிக்காமப் போட்டு நான் பட்டது போதும்."

கருப்பையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பத்தாம் வகுப்பு வரை படித்தவராம். அறையில் அவருக்குத்தான் வாசிக்கும் வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

படிப்பு முடியும்வரையிலும் அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளும் மாணவி கல்லூரியின் அனுமதியின்றி வேறு எந்த நிறுவனத்துக்காகவும் விளையாடக்கூடாது. லீக் மூலம் வரும் தொகையில் சரிபாதி கல்லூரிக்கு. மாணவியின் பெயரையும் படத்தையும் கல்லூரி எந்த விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம். இடையில் நின்றால் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு, காலணி எல்லாவற்றுக்கும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

"காலணிக்குமா? எங்க கம்பெனிலகூட சேஃப்டி ஷூவுக்குக் கேக்க மாட்டாய்ங்கண்ணே" என்றார் கருப்பையா.

அடுத்ததை வாசித்தார். மாணவியின் அசல் சான்றிதழ்கள் அனைத்தும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை கல்லூரியின் பாதுகாப்பில் இருக்கும்.

வாசித்தவர் தாளை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். "இது நம்ம காண்ட்ராக்ட்டுதாண்ணே. பாஸ்போர்ட்டுன்னு இருந்த எடத்துல சர்ட்டிபிகேட்டுன்னு போட்டுருக்காய்ங்க. அம்புட்டுத்தான். சார் காலேஜுல கஃபீல் யாரு?"

கஃபீல் என்றால் இங்கே விசா கொடுத்து ஆளைப் பிடித்துவைத்திருக்கும் முதலாளி. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்த யோசனையைக் கொடுத்ததே நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கபடிப் பையன்கள் இரண்டு பேரைப் பக்கத்துக் கல்லூரிக்காரன் இழுத்துக்கொண்டுபோனான். அந்த ஆத்திரத்தில், "ஒரிஜினலை வாங்கி வச்சுட்டா எங்க சார் போவாங்க?" என்று தாளாளரிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே தன் அறை இரும்பு பீரோவில் இரண்டு தட்டை ஒதுக்கிவிட்டார். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வரத்தான் செய்கிறது. அதையும் நாங்கள் ஃபைலில் கோத்து அதே பீரோவில்தான் வைக்கிறோம்.

சகாயம் ஜுபைல் கதையைச் சொன்னார். அவருடைய அம்மா இறந்தபோது பாஸ்போர்ட் மேனேஜரின் பெட்டியில் இருந்தது. மேனேஜர் லீவில் எகிப்துக்குப் போயிருந்தார், சாவி அவரோடு. "மண்ணடக்கம் முடிஞ்சு ஒம்பதாம் நாளு சாவி வந்தது சார். அதுக்குப் பெறவு நான் எதுக்குப் போவணும்?" என்றார். தட்டிலிருந்த மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தாளில் மடித்தார்.

எனக்கு வேறொரு சாவி ஞாபகம் வந்தது. போன வருடம் ஒரு பையனுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் தாளாளர் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருந்தார். பீரோ பூட்டியிருந்தது. அந்தப் பையன் இப்போது டெம்போ ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் இன்னமும் எனக்கு வணக்கம் வைக்கிறான், நான்தான் மொபைலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்கிறேன். இதை அவர்களிடம் சொல்லவில்லை.

சகாயம் மகளுக்கு வீடியோவில் கூப்பிட்டார். பயிற்சி முடிந்த கோலத்தில், தலையில் துண்டோடு ஜெனிபா வந்தாள். "அப்பா, போட்டுருங்கப்பா. டீம்ல எல்லாரும் போட்டாச்சு. வியாழக்கிழமைக்குள்ள குடுக்கலைன்னா என்னை எடுக்க மாட்டாவ."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சியா மக்களே?"

"எனக்கு விளையாடணும்ப்பா. அவ்வளவுதான்."

ஃபோனை வைத்துவிட்டுச் சகாயம் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதில் ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தார். "போடுதேன் சார். பிள்ளைக்க ஆசைய நான் கெடுக்கல்ல. ஆனா சாரு ஒண்ணு எழுதித் தரணும். பிள்ளை எப்பம் கேட்டாலும் அவளுக்க சர்ட்டிபிகேட்ட வாங்கிக் குடுப்பேன்னு. சாருக்க பேச்ச நம்பியாக்கும் அவள விட்டது. தாளாளர எனக்குத் தெரியாது."

நியாயமான கோரிக்கைதான். பேனாவை எடுத்தேன். தேதி எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. கருப்பையா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் அந்த மனிதனின் மீனைத் தின்ற வாய்.

"என்னால முடியாதுங்க" என்றேன். "என்னோட ஒரிஜினலும் அந்தப் பீரோவுலதான் இருக்கு. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டுலேர்ந்து பி.எச்டி. வரைக்கும். வேலைக்குச் சேர்ந்தன்னைக்கு வாங்கி வச்சதுதான், பத்தொன்பது வருஷமாச்சு. வேற காலேஜ்ல நல்ல சம்பளத்துக்கு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. நான் போய்க் கேக்கவே இல்ல."

இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நான் பிடித்துக்கொடுத்த பிள்ளைகளின் சான்றிதழ்களெல்லாம் அங்கே என்னுடையதற்கு மேலேதான் அடுக்கியிருக்கின்றன. வெட்கத்தில் காது சுட்டது. சகாயம் எழுந்துபோய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "சார் எங்க ஆளுதான்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கருப்பையா அதற்குள் கடைசித் தாளைத் திருப்பியிருந்தார். "அண்ணே, இதக் கேளுங்க. 'இடம் நாகர்கோவில்'னு அச்சடிச்சிருக்கு. நாளும் போட்டுருக்கு, போன வாரத் தேதி. கீழ, 'மேற்படி தேதியில் நேரில் ஆஜராகி, எங்கள் முன்னிலையில் கையொப்பமிட்டார்'னு ரெண்டு சாட்சி முன்னாடியே போட்டு வச்சிருக்காய்ங்க."

வெளிநாட்டில் போடும் கையெழுத்து என்றால் தூதரகம், முத்திரை என்று அலைய வேண்டும் என்று கல்லூரி வக்கீல் செய்த குறுக்குவழி அது. எங்கள் ஊரில் பாதிப் பத்திரம் இப்படித்தான் தயாராகிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

சகாயம் தாளை வாங்கி அந்த வரியைத் தானே ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். "நான் ஊருக்குப் போயி இருவத்திரண்டு மாசம்" என்றார். பிறகு கருப்பையாவைப் பார்த்தார், கருப்பையா அவரைப் பார்த்தார்.

"போடுங்கண்ணே" என்றார் கருப்பையா. "நல்லாப் பெருசாப் போடுங்க."

சகாயம் ஒவ்வொரு பென்சில் குறியிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். முடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "எனக்க பாஸ்போர்ட்டு கம்பெனி ஆபீஸ்ல இருக்கு சார், பத்திரமா. நான் எந்தத் தேதியில எந்த நாட்டுல இருந்தேன்னு அதுல சீல் அடிச்சிருக்கு. பிள்ளைக்கு என்னைக்காவது தேவைப்பட்டா, இந்தப் பத்திரம் பொய்யின்னு இவன்மாரு பூட்டி வச்சதே அவளுக்குச் சாட்சி சொல்லும்."

பேனாவால் 'நாகர்கோவில்' என்பதை அடித்து 'ருவைஸ்' என்று எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். தாளாளர் அனுப்பிய ஆள் என்ற முறையில் அதுதான் என் கடமையும்கூட. தாளை வாங்கி, மடங்காமல் உறையில் போட்டேன். வாசல் காவலாளி என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான். சகாயம் பஸ் வரும்வரை வெயிலில் கூடவே நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் தூக்கமே வரவில்லை. விமானத்திலும் வரவில்லை.

புதன்கிழமை காலை பத்திரத்தைத் தாளாளர் மேஜையில் வைத்தேன். அவர் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. பென்சில் குறிகளை எண்ணினார், கையெழுத்துகளை எண்ணினார், இரண்டும் சரியாக வந்தன. ஜெனிபாவின் தடையில்லாச் சான்றில் ஒரு கிறுக்குக் கிறுக்கி என் பக்கம் தள்ளினார். எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து பத்திரத்தை உள்ளே வைத்தார். கீழ்த்தட்டில் என் பெயர் எழுதிய பழுப்பு உறை தெரிந்தது. மூலையெல்லாம் பூச்சி அரித்திருந்தது.

கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"என்ன சார்?" என்றார் சாவியைத் திருப்பிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல சார்."

"நாளைக்குப் பிராக்டிஸ் உண்டுல்ல?"

"உண்டு சார். அஞ்சரைக்கு" என்றேன்.